எந்த டாக்டர் பேச்சைக் கேட்கிறது டீச்சர்?

போன முறை மேட்டூர்க் கால்வாய் பற்றி எழுதியபோது, "கொஞ்சம் சின்னதா எழுதுங்க டீச்சர்" என்று சிலர் சொன்னீர்கள். இந்த முறையும் முடியவில்லை. ஒரு காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். காபி உடம்புக்கு நல்லதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதிலும் இரண்டு கட்சி இருக்கிறது.

சென்ற வாரம் ஓசூரிலிருந்து ஒரு போன். 1991-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அவன் மகனுக்கே இப்போது பதினாறு வயது, ஜிம்முக்குப் போகிறானாம். "டீச்சர், எங்கம்மா களி கிண்டிக் குடுக்கிறாங்க. ஜிம் மாஸ்டர் மாவுப் பண்டத்தையே நிறுத்து, புரோட்டீன் பவுடர் வாங்குங்கறாரு. எங்க டாக்டரு முதல்ல முட்டையில மஞ்சக்கரு வேண்டாம்னாரு, இப்ப சாப்பிடலாம்ங்கறாரு. தேங்காயெண்ணெய் விஷம்னாங்க, இப்ப அமுதம்ங்கறாங்க. எந்த டாக்டர் பேச்சைக் கேட்கிறது? நீங்க எங்களுக்குச் சத்துணவு அட்டவணை எல்லாம் மனப்பாடம் பண்ண வச்சீங்களே, அதாவது சரியா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று தவறு என்று எனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிய இன்றைய அறிவியல் பேச்சு பெரும்பாலும் நம் அரிசியில் தொடங்கியது. 1880-களில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் பெரிபெரி என்ற நோய். கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றுபோகும். படைவீரர்களும் கைதிகளும் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எல்லா நோய்க்கும் கிருமிதான் காரணம் என்று நம்பிய காலம். எய்க்மான் என்ற டாக்டரும் கிருமியைத் தேடித்தான் அங்கே போனார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதேபோல் கால் தள்ளாடியது. சில மாதங்களில் தானாகவே தேறிவிட்டன. என்ன நடந்தது என்று விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குப் போட மாட்டேன்" என்று நிறுத்திவிட்டார். பிறகு தீட்டாத அரிசி போட்டார்கள். கோழி பிழைத்தது! எந்தச் சமையல்காரரோ, பெயர்கூடப் பதிவாகவில்லை.

எய்க்மான் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று. அது தவறு. 1901-இல் அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த கிரெய்ன்ஸ்தான், நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்றார். 1912-இல் ஃபங்க் என்ற விஞ்ஞானி அப்படிப்பட்ட சத்துகளுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாற்றத்தில் எனக்குக் கோபமே கிடையாது. நம்பியது ஒன்று, கண்டது வேறு, திருத்திக்கொண்டார்கள்.

இந்தக் கதை பிறகு நம் நீலகிரிக்கு வருகிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பிடுவதையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி கொழுகொழு என்று இருந்தது. கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி அல்லவா! வரிசையில் கடைசிப் பக்கம் நின்றது வங்காளி எலியும் மதராஸி எலியும். அரிசி தின்கிறவன் சோனி என்று வெகுகாலம் பேசிய பேச்சுக்கு இந்த எலிகளும் ஒரு சாட்சி.

ஆனால் 1935-இல் அங்கே இயக்குநராக வந்த ஏக்ராய்ட் இன்னொன்றைக் கவனித்தார். சென்னை மாகாணத்திலேயே வடசர்க்கார் என்ற ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருக்கிறது. தெற்கே தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் அரிசிச் சோறுதான், இரண்டு பக்கமும் மில் வந்துவிட்டது. வித்தியாசம், அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தையமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. என் ஆத்தா நெல் அவித்தது வைட்டமினுக்காக இல்லை. உமி சுலபமாகக் கழலும், குருணை ஆகாது, அவ்வளவுதான். எந்த நிபுணரும் சொல்லாமல் அந்த அண்டா எத்தனை பேரைக் காப்பாற்றியதோ.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1933-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இன்று கானா என்று சொல்கிற ஆப்பிரிக்க நாட்டில், கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிச் சாகும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். புரதக் குறைவால் இருக்கலாம் என்று அந்த அம்மையார் கருதினார். உலகப் போர் முடிந்ததும் பெரிய அமைப்புகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஏழை நாடுகளின் பசி என்றாலே புரதப் பஞ்சம் என்று ஆகிவிட்டது. 1955-இல் ஐ.நா. அமைப்புகள் புரத ஆலோசனைக் குழு ஒன்றையே அமைத்தன. 1968-இல் புரத நெருக்கடி வரப்போகிறது என்று ஐ.நா. அறிக்கை வெளியிட்டது. மீனை மாவாக்கினார்கள். பெட்ரோலியத்தில் நுண்ணுயிர் வளர்த்துப் புரதம் எடுக்கப் பார்த்தார்கள்! நம் மைசூர் ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவில் சத்துமாவு செய்தது. நான் சின்னப் பிள்ளையாகப் பள்ளியில் குடித்த அமெரிக்கப் பால்பவுடரும் அந்தக் காலத்து வரவுதான். அதன் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. என் வயதுக்காரர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள்.

இந்தப் புரதப் பேச்சை எதிர்த்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் சேலத்தில் பிறந்தவர். டாக்டர் சி. கோபாலன், 1918-இல் பிறந்தவர். குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, அது 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியபின் அதற்கே இயக்குநர் ஆனவர். அது இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவர் கண்டது எளிமையானது. நம் ஏழைக் குழந்தைகள் சாப்பிடும் சோறும் பருப்பும் களியும் வயிறு நிறையக் கிடைத்தால், அதிலேயே தேவையான புரதம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. கிடைக்கிற சாப்பாட்டின் அளவுதான் போதவில்லை. சாப்பாடு போதாதபோது உடம்பு, உள்ளே போகிற புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. வயிற்றை நிரப்பாமல் புரதத்தை மட்டும் ஊட்டினால், தேக்குக் கட்டையை அடுப்பில் வைத்த மாதிரி. அவருடைய நிறுவனத்தார் கிராமத்துக் குழந்தைகளுக்குத் தினமும் சுமார் 300 கலோரி தரும் பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் புரதம் சொற்பம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மேயும் கணக்குப் போட்டு இதையே சொன்னார். 1971-இல் கூடிய உலக நிபுணர் குழு புரதத் தேவையின் அளவைக் குறைத்தது. 1974-இல் மெக்லாரன் என்ற டாக்டர், லான்செட் இதழில் இதைப் 'புரதப் பெருந்தோல்வி' என்றே பெயர் சூட்டி எழுதினார். பணமும் காலமும் போனதுடன், அந்த நேரத்தில் குழந்தைகள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் ஆதங்கம்.

1974. இந்த வருஷத்தை நினைவில் வையுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1979-இல். எங்கள் பயிற்சிப் பள்ளிச் சுவரில் பெரிய வண்ணப்படம் ஒன்று தொங்கும். நடுவில் பால், முட்டை, மீன், பருப்பு. ஓரத்தில் அரிசி, கேழ்வரகு. 'உடல் வளர்ச்சிக்குப் புரதம்' என்று கொட்டை எழுத்து. மாவுப் பண்டம் வெறும் வயிற்றை நிரப்பும், இந்தியக் குழந்தைகளின் பெரும் குறை புரதக் குறை என்று எழுதித்தான் நான் மார்க் வாங்கினேன். ஐந்து வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன வழக்கின் தீர்ப்பு எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அதுவும் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர் சேலத்துக்காரர்!

1980-இல் ஓமலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், குச்சி மாதிரி இருப்பான். காலை பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்தான். அவன் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினேன். கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவள். "என்ன சாப்பாடு கொடுக்கிறே?" என்றேன். "காலையில கம்மங்கூழு, ராத்திரி களி, டீச்சரம்மா" என்றாள். எனக்கு இருபத்தோரு வயது, புதுப் படிப்பின் திமிர். "களியில ஒண்ணும் இல்லம்மா. பையனுக்குப் புரதம் பத்தாது. கடையில டின்னுல சத்துப் பவுடர் விக்குது, வாங்கிக் கலக்கிக் குடு" என்று சொன்னேன். கம்பெனிப் பெயரையும் சொன்னேன். அவள் கைகட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

அவளுக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி அந்த டின். கடனுக்கு வாங்கியிருக்கிறாள். அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று ஒரு கரண்டியை ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி மூன்று பிள்ளைகளுக்கும் ஊற்றியிருக்கிறாள். கடன் அடைக்கக் கேழ்வரகு வாங்குவதைக் குறைத்திருக்கிறாள். இது எனக்குப் பல மாதம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தெரிந்தது. பையன் இன்னும் இளைத்திருந்தான். புரதம் கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டில் ஒழுங்காகக் கலக்கவில்லை என்று அவள்மேல்தான் குறை நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. காமராஜர் காலத்து மதிய உணவு 1956-லேயே வந்ததுதான், ஆனால் எல்லோருக்கும் எட்டவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் ஆயா வந்தார், அண்டா வந்தது. சோறு, பருப்புப் போட்ட சாம்பார், கொஞ்சம் எண்ணெய், காய். முட்டை அப்போது இல்லை. அது 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, பிறகு படிப்படியாகக் கூடியது. பெரிய பொருளாதார அறிஞர்கள் எல்லாம் திட்டத்தைக் கேலி பேசினார்கள். அந்தப் பையன் தட்டில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். ஆயா மூன்றாவது முறையும் போடுவார், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். பொங்கலுக்குள் அவன் கன்னம் உப்பிவிட்டது. பிரேயரில் விழவில்லை. டின் இல்லை, பவுடர் இல்லை. சோறு!

கண்ணால் பார்த்தும் நான் அந்த அட்டவணையை மாற்றவில்லை பாருங்கள். 1991-இல் ஓசூர்ப் பையனுக்கும் அதையேதான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். படம் மாட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லிப் பணி ஓய்வு வரை ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. எனக்கு இவர்கள்மேல் உள்ள கோபம் இதுதான். மாற்றிச் சொல்வது தப்பில்லை. முன்னே சொன்னது ஏன் மாறியது, அதைக் கேட்டு நடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முட்டையும் அப்படித்தான். 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று முட்டைக்குமேல் வேண்டாம், கொலஸ்ட்ரால் நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்றது. நெஞ்சுவலியால் விழுந்துகொண்டிருந்த அமெரிக்கர்களுக்குச் சொன்னது. 1994-இல் எங்கள் வீட்டுக்காரரைப் பரிசோதித்த டாக்டர் மஞ்சள் கருவைத் தொடக்கூடாது என்றார். பல வருஷம் அதை எடுத்துப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன். நாய் மினுமினு என்று இருந்தது. அங்கே பள்ளியில் குழந்தைகளுக்கு அரசு முட்டை போடுகிறது, இங்கே நான் நாய்க்குப் போடுகிறேன். 2015-இல் அமெரிக்க அரசின் வழிகாட்டிக் குறிப்பில் அந்த 300 என்ற எல்லையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். தீனியில் உள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலோருக்கு ரத்தத்தை நாம் நினைத்த அளவுக்கு ஏற்றுவதில்லையாம். டாக்டரும் சொல்லவில்லை, நாயும் போய்ச் சேர்ந்துவிட்டது. (சர்க்கரை, இதய நோய் இருப்பவர்கள் உங்கள் டாக்டர் சொல்படியே இருங்கள். நான் சொன்னேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.)

காசு விளையாடிய கதையும் உண்டு. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்களின் அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கிக் கொழுப்பைக் குற்றவாளியாக்கும் கட்டுரை 1967-இல் பெரிய மருத்துவ இதழில் வந்தது. பணம் கொடுத்த விவரம் பழைய கடிதங்களிலிருந்து வெளியே வந்தது 2016-இல். வனஸ்பதி? நெய்க்கு மாற்று என்று 1937-இல் மஞ்சள் டின்னில் டால்டா வந்தது. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதற்குச் சான்று 1990-இலிருந்து வரத்தொடங்கியது. நம் நாட்டில் அதை 2 சதவீதத்துக்குள் அடக்கியது 2022-இல்தான். அதற்குள் எத்தனை கல்யாணப் பந்தி முடிந்துவிட்டது.

நான் களியில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன் அல்லவா? 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியது, அதுவும் இந்தியா கேட்டு. இப்போது கேழ்வரகை அழகான பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

டாக்டர் கோபாலன் 2019 அக்டோபரில் காலமானார். நூறு வயது தாண்டியவர். பத்திரிகையில் வந்த அஞ்சலிக் குறிப்பைப் படித்துத்தான் இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது, ஓய்வுபெற்ற பிறகு. அன்றைக்கு அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓசூர்க் கண்ணுக்குப் பதில் இது. பெரியவர்களுக்கு எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் ஹைதராபாத் நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். வளரும் பிள்ளைக்குச் சற்றுக் கூடும். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் இருபத்தைந்து, பருப்பில் இருபதுக்கு மேல். சோறு, களியிலும் கொஞ்சம் வரும். கணக்கு உனக்கு வரும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். 2024-இல் அதே நிறுவனம் உடம்பு ஏற்றுவதற்குப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. நாளைக்கு இதையும் மாற்றினால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய். உன் அம்மா கிண்டும் களியை நிறுத்தாதே.

அந்த ஓமலூர்ப் பையன் இப்போது சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு மூட்டை கேழ்வரகோடு வீட்டுக்கு வந்தான். நான் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி, "அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு சாமி" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "அட போங்க டீச்சர், அந்த டின்னுல எங்கம்மா இன்னும் மொளகாத்தூள் போட்டு வச்சிருக்கு. டீச்சரம்மா வாங்கச் சொன்ன டின்னுன்னு யாரையும் தூக்கிப் போட வுடாது" என்றான்.

அந்த அம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லையாம். அடுத்த வாரம் ஓமலூர் போகிறேன்.

உங்கள்,
பழைய டீச்சர்.